சொல்லாமல் விட்ட ஆறாவது கோளாறு

பெயர் எஸ்கோ கர்வோனென். வயது 58. காகித ஆலையில் வெல்டராக இருந்தேன், ஆலை மூடிய பிறகு பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். தெர்வசால்மி, பழைய பால்பண்ணைச் சாலை, 14ஆம் எண் வீட்டில் தனியாக வசித்து வருகிறேன்.

பிப்ரவரி 22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை உறைந்த ஏரியின் பனிமேல் நடந்த கார் பந்தயத்தில் செய்யா தோசவைனென் என்பவர் படுகாயம் அடைந்தது தொடர்பாகப் போலீசார் என்னைச் சாட்சியாக அழைத்திருக்கிறார்கள். அவருடைய கணவர் ரைமோ தோசவைனென்தான் என் பெயரைக் கொடுத்தவர். அந்தக் கார் முன்பு என்னுடையது. நான் கொடுத்தபோது அது நல்ல நிலையில் இருந்தது என்று இங்கே சொல்ல வேண்டும், அதற்காகத்தான் வந்தேன். ரைமோவே தன் வண்டியில் என்னைக் கூட்டி வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்.

மேற்படி ரைமோவும் நானும் ஒரே ஆலையில் வேலை பார்த்தவர்கள். முப்பத்தொரு குளிர்காலமாக என் கொட்டகையில்தான் இருவரும் கார் தயார் செய்கிறோம். உடைசலுக்குப் போக வேண்டிய பழைய காரை வாங்கி, ஓட்டுநருடையது தவிர மற்ற இருக்கைகள், கம்பளம், கண்ணாடி எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு, உள்ளே இரும்புக் குழாயால் கூண்டு பற்றவைத்து, மிச்சம் இருக்கும் பெயின்டை அடித்து ஓட்டுவோம். முன்சக்கரம், பிரேக், ஸ்டியரிங் என் வேலை. என்ஜின் அவன் வேலை. என் வேலையில் அவன் கை வைக்கமாட்டான், அவன் வேலையில் நான் கை வைக்கமாட்டேன். அதனால்தான் இத்தனை வருடம் சண்டை இல்லாமல் ஓடியது.

இந்தப் பந்தயத்துக்கு ஒரு விதி உண்டு. பந்தயம் முடிந்ததும், அன்று ஓட்டிய யார் வேண்டுமானாலும் யாருடைய காரையும் வாங்கச் சீட்டு எழுதிப் போடலாம். எல்லாக் காருக்கும் சங்கம் வைத்த ஒரே விலை. பல பேர் போட்டால் குலுக்கி எடுப்பார்கள். பெயர் விழுந்தவனுக்குக் கார் கொடுக்க மாட்டேன் என்றால் உரிமம் போய்விடும். பணக்காரன் காசைக் கொட்டி ஜெயிக்கக்கூடாது என்பதற்காக வைத்தது. நல்ல விதி என்று நானே வாயாரச் சொல்லியிருக்கிறேன். ஆனால் நண்பன் காருக்கு நண்பன் சீட்டு போடுவதில்லை. அது எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது.

என்னுடைய சிவப்புக் காரில் ஸ்டியரிங் தண்டு பல்சக்கரப் பெட்டியோடு சேரும் மூட்டில் பற்கள் தேய்ந்திருந்தன. அதை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டைப் பந்தயத்தன்று காலையில் முறுக்குவேன், இரண்டு சுற்று முடிந்ததும் மறுபடி முறுக்குவேன். இல்லாவிட்டால் மூன்றாவது சுற்றில் அது தளர்ந்துவிடும். வேறு மூட்டு வாங்கிப் போட்டிருக்கலாம், உடைசல் கடையில் இருந்தது. நாளைக்கு எவனோ ஓட்டிக்கொண்டு போகப்போகும் காருக்கு எதற்கு நல்ல சாமான் என்று விட்டுவிட்டேன். எங்கள் பந்தயத்தில் எல்லோரும் இப்படித்தான் நினைப்பார்கள். பரிசோதகர் கண்ணில் படாமல் இருக்க மூட்டின்மேல் ஒரு ரப்பர் உறையைப் போட்டுக் கறுப்பு டேப் சுற்றிவைத்தேன். இது ரைமோவுக்குத் தெரியாது.

ஜனவரியில் ரைமோவின் காரில் என்ஜின் போய்விட்டது. அதன் பிறகு பிப்ரவரி 8ஆம் தேதி நடந்த பந்தயத்துக்கு இன்னொருவன் காரை இரவல் வாங்கி வந்து ஓட்டினான். அன்று இறுதிச் சுற்றில் நான் முதலாவதாக வந்தேன். முப்பத்தொரு வருடத்தில் அது இரண்டாவது முறை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே ஒலிபெருக்கியில் என் காருக்கு ஐந்து சீட்டு விழுந்திருப்பதாகச் சொன்னார்கள். ஐந்தில் ஒன்று ரைமோ தோசவைனென். குலுக்கலில் வந்ததும் அவன் பெயர்தான்.

நான் அவனிடம் போய், "நீயுமாடா?" என்று கேட்டேன். அதற்கு அவன், "மத்த நாலு பேரும் வெளியூர்க்காரனுங்கடா. எவனோ அள்ளிக்கிட்டுப் போறதுக்கு நம்ம ஊர்லயே இருக்கட்டுமே. எனக்கும் வண்டி இல்ல" என்றான். இன்று யோசித்தால் அவன் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. அன்று எனக்கு அது காதில் ஏறவில்லை. நான்கு மாதம் கொட்டகையில் கூடவே நின்று என் காரை அளந்து பார்த்திருக்கிறான் என்றுதான் தோன்றியது.

கார் கைமாறும்போது எங்களுக்குள் ஒரு வழக்கம். வாங்குகிறவன் காபி ஊற்றித் தருவான், விற்கிறவன் அதைக் குடித்துக்கொண்டே காரின் கோளாறுகளைச் சொல்ல வேண்டும். ஜென்மப் பகையாளிக்கு விற்றாலும் சொல்லிவிடுவார்கள். அன்று செய்யாதான் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றினாள். குளிரில் இரண்டாவது கியர் நழுவும் என்றும், இடது பின்பிரேக் பிடித்துக்கொள்ளும் என்றும், பெட்ரோல் பம்பு ஒயர் உரசும் என்றும், கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும் என்றும், இருக்கையை நகர்த்தும் தண்டவாளம் ஒரு பல் தாவும் என்றும் சொன்னேன். ரைமோ தன் புறங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டான். பிறகு, "வேற ஏதாச்சும் இருக்காடா?" என்று கேட்டான். நான், "அவ்வளவுதான்" என்றேன். காபியை மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

என்ன எண்ணத்தில் சொல்லாமல் விட்டேன் என்று அதிகாரி கேட்டார். ரைமோ ஏதாவது ஒரு வளைவில் ஸ்டியரிங் கழன்று பனிமேட்டில் குத்தி நிற்க வேண்டும், டிராக்டர் வந்து கட்டி இழுக்க வேண்டும், ஊரே சிரிக்க வேண்டும், அவன் திரும்ப என் கொட்டகைக்கு வந்து நிற்க வேண்டும். இதுதான் எனக்கு வேண்டியிருந்தது. பனிமேட்டில் குத்துவது வாராவாரம் நடப்பது, அதில் யாருக்கும் அடிபடுவதில்லை. கார் கைமாறிய பிறகு இரண்டு வாரம் ரைமோ பலமுறை போன் செய்தும் நான் எடுக்கவில்லை. ஒருநாள் செய்யா ஏலக்காய் பன் சுட்டு ஒரு பையில் போட்டு என் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போயிருந்தாள். அதை எடுத்துத் தின்றேன்.

அதன் பிறகு 22ஆம் தேதி ரைமோ மேட்டில் குத்துவதை வேடிக்கை பார்க்கத்தான் ஏரிக்குப் போனேன். ஆனால் ஹெல்மெட்டும் ஓட்டும் உடையுமாக நின்றது செய்யா. பெண்கள் பிரிவில் ஓட்ட அவளுக்கு ரொம்ப நாளாக ஆசையாம், காரை வாங்கியதே அவளுக்காகவும்தானாம். எனக்கு அது அப்போதுதான் தெரியும். அவள் என்னைப் பார்த்து, "என்னப்பா எஸ்கோ, இன்னும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் இருக்கியா? உன் சீட்டு எனக்கு ஏரி மாதிரி இருக்கு, ரெண்டு தலகாணி போட்டுட்டேன். கீழ விழுந்தா உன் மேலதான் கேஸ்!" என்று சொல்லிச் சிரித்தாள்.

முதல் இரண்டு சுற்றும் நன்றாகவே ஓட்டினாள். மூன்றாவது சுற்றுக்கு முன்னால் நாற்பது நிமிடம் இடைவெளி விட்டார்கள். என் கோட்டுப் பையில் பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனர் இருந்தது. பழக்கத்தில் எடுத்துப் போட்டுக்கொண்டதா, வேண்டுமென்றேவா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. அந்த போல்ட்டை முறுக்குவது ஒரு நிமிடத்துக்குக் கூடத் தேறாத வேலை. அவர்களுடைய வேன் வரைக்கும் போனேன். ரைமோவும் இன்னும் நான்கைந்து பேரும் நின்றிருந்தார்கள். "வாடா வீம்புக்காரா, காபி குடி" என்றான் ரைமோ. அத்தனை பேர் முன்னால் டேப்பை அவிழ்த்தால் எதற்கு அவிழ்க்கிறேன் என்று சொல்ல வேண்டும். நான் செய்யாவிடம், "ஸ்டியரிங் எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டேன். அவள், "வெண்ணெய் மாதிரி திரும்புது" என்றாள். நல்லது என்று சொல்லிவிட்டு வந்து சாசேஜ் கடை வரிசையில் நின்றேன். என் முறை வந்தது, கடுகுச் சாந்து வேண்டுமா என்று கேட்டார்கள், வேண்டும் என்றேன்.

மூன்றாவது சுற்று தொடங்கி இரண்டு வட்டம் போன பிறகு, காரின் மூக்கு ஒரு கணம் தயங்கித் திரும்புவதைப் பார்த்தேன். கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். அப்போது கார் நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒன்றும் ஆகவில்லை. வளைவில் கொடி பிடித்து நின்ற பெண்ணைக் கேட்டால், மோதுவதற்கு முன்பே நான் ஓடிவந்ததைச் சொல்வார். வளைவில் செய்யா ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினாள், அது இரண்டு முறை சும்மா சுற்றியது, சக்கரம் திரும்பவில்லை. கார் பனிமேட்டில் ஏறித் தாண்டி, பின்னால் நிறுத்தியிருந்த பனி அள்ளும் டிராக்டரில் மோதியது. முதலில் போய்ச் சேர்ந்தது நான்தான். நான் பற்றவைத்த கூண்டு வளையவில்லை. காலடிப் பக்கம்தான் உள்ளே வந்துவிட்டது. அவள் முனகிக்கொண்டே, "நான் திருப்பினேன், எஸ்கோ" என்றாள்.

மற்றவர்கள் கதவை அறுத்துக்கொண்டிருந்தபோது நான் முன்பக்கம் கையை விட்டு ரப்பர் உறையையும் டேப்பையும் பிய்த்தெடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அவற்றை இப்போது இந்த மேசைமேல் வைக்கிறேன்.

அதன் பிறகு மருத்துவமனைக்குப் போனேன். இடுப்பெலும்பும் இடது காலும் நொறுங்கியிருக்கின்றன, பழையபடி நடப்பாளா என்று சொல்ல முடியாது என்றார்கள். ரைமோ வராந்தாவில் உட்கார்ந்து தன் புறங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீ எல்லாத்தையும் சொல்லித்தானடா குடுத்த. நான் ஒரு தடவ குனிஞ்சு பாத்திருக்கணும். ஸ்டியரிங்கச் சரியாப் பூட்டலியான்னு செய்யா கேட்டா, ஆமா, நான்தான் பாக்காம விட்டுட்டேன்னு சொல்லிட்டேன்" என்றான். அதிலிருந்து அவர்கள் மகள் அப்பாவோடு பேசுவதில்லையாம். போலீசிலும் அப்படியே எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னான். பிறகு, "பழசெல்லாம் கிளறுவாங்க, உன் மேல எதுவும் வந்துடக்கூடாது. நீயும் வந்து நல்லாத்தான் குடுத்தேன்னு ஒரு வார்த்த சொல்லிடு, உன்ன விட்டுருவாங்க" என்றான். அதாவது அவன் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அல்ல.

அவன் மேல் தப்பில்லை. அந்த மூட்டு அப்படி இருப்பது என் ஒருவனுக்குத்தான் தெரியும். எனக்கு இரண்டு வாரம் இருந்தது, அதற்கு மேல் நாற்பது நிமிடம் இருந்தது. இதைச் சொல்லிவிட்டால் மனது லேசாகும் என்று நினைத்து ஆரம்பித்தேன். ஆகவில்லை.

ரைமோ வெளியே எனக்கும் சேர்த்துக் காபி வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வேறு வாசல் வழியாக என்னை அனுப்ப முடியுமா என்று அதிகாரியிடம் கேட்டேன். இந்த நிலையத்துக்கு ஒரே வாசல்தான் என்றார்.

நான் சொன்னதை எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார்கள். கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை, எல்லாம் உண்மை. இந்த முறை எதையும் விடவில்லை.

(ஒப்பம்) எஸ்கோ கர்வோனென்