வருகை நூறு சதவீதம்

நான் யாரையும் காக்க வைத்தது கிடையாது, சார். பத்து மணிக்கு விசாரணை என்றீர்கள். ஒன்பதே முக்காலுக்கே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் வந்தது பதினொன்று இருபதுக்கு. குறையாகச் சொல்லவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பஞ்சாலையில் பதினாறு வருஷம் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தவன் நான். யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியாது.

மில்லை மூடிய பிறகு அந்தப் பழக்கம்தான் எனக்குப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை வாங்கிக் கொடுத்தது. டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டோடு காலேஜும் வார்டுமாக அலையும் ஆஸ்பத்திரி. அங்கே மூட்டுவலிக்கு ஒரு புது மாத்திரையைச் சோதிக்க நாற்பது பேர் தேவைப்பட்டார்கள். இந்த வருஷம், தொண்ணூற்றொன்று ஜனவரியில் ஆரம்பம். முந்தைய இரண்டு சோதனைகளில் பாதிப் பேர் பாதியிலேயே நின்றுவிட்டார்களாம். பேராசிரியருக்கு அது தீராத மனக்குறை. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, ஒன்பது மாதம், ஒரு ஆள் குறையாமல் கூட்டி வந்தால் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொன்னார். வருகை நூறு சதவீதம் வேண்டும், டென்னிஸ் என்று என்னைப் பேர் சொல்லிச் சொன்னார். மனிதர் வேறெதையும் என்னிடம் கேட்டதில்லை, கடைசிவரைக்கும்.

வல்லம் வடகால், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை என்று சைக்கிளில் சுற்றினேன். நடவு நட்டே முழங்கால் போன பெண்களுக்கு அங்கே பஞ்சமில்லை. ஒரே வாரத்தில் நாற்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். சம்மதப் பத்திரம் ஆங்கிலத்தில் ஏழு பக்கம். அவர்களுக்குப் படிக்கத் தெரியாது, எனக்குப் படிக்கப் பொறுமையில்லை. கட்டைவிரல் ரேகைகள் மட்டும் கச்சிதமாக விழுந்தன. போக வர பஸ், நாலு இட்லி, ஒரு காபி. அந்தக் காபிக்காகவே இரண்டு பேர் மூட்டுவலியை வரவழைத்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

மாத்திரையில் இரண்டு வகை. ஒன்று மருந்து, இன்னொன்று வெறும் மாவு. எது யாருக்குப் போகிறது என்பது நோயாளிக்கும் தெரியக்கூடாது, டாக்டருக்கும் தெரியக்கூடாது. ஒரு விஷயம் யாருக்கும் தெரியாமல் இருக்க இத்தனை படித்தவர்கள் சேர்ந்து பாடுபட்டு நான் வேறெங்கும் பார்த்ததில்லை. என் வேலை எளிது. வந்தவருக்கு வருகை போட வேண்டும். பழைய பாட்டிலை வாங்கி மிச்சத்தை எண்ண வேண்டும். பாட்டில் காலியாக வர வேண்டும். மிச்சமிருந்தால் அந்த ஆள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று குறிப்பு விழும்.

அந்த ஏழு பக்கத்தில் ஐந்தாம் பக்கத்தை மட்டும் படித்திருந்தேன். யாருக்காவது கண்ணில் மஞ்சள் கண்டால் மாத்திரையை நிறுத்தி ஆளை விலக்க வேண்டும். மூன்று பேருக்குக் கண்டால் சோதனையையே நிறுத்த வேண்டும். பிப்ரவரியில் ராஜம்மாவுக்குக் கண்டது, பிறகு கண்ணப்பனுக்கு. இரண்டு பேரையும் நானே பேராசிரியர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். மாத்திரையை நிறுத்திய ஒரு மாதத்தில் இரண்டு பேரும் தேறி, பழையபடி வயலில் இறங்கிவிட்டார்கள். அவர்கள் இடத்தில் புதிதாக இரண்டு பேரைச் சேர்த்தோம். இதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். நான் எதையும் மறைக்கிற ஆள் இல்லை.

மூன்றாவது ஆள் செங்கமலம். வடகாலில் குடியிருந்தவள். ஐம்பத்தொரு வயது, கணவனை இழந்தவள், வாய் ஓயாது. விடிந்தும் விடியாமலும் வீடு வீடாகப் போய் மற்றவர்களை எழுப்பி பஸ் நிறுத்தத்தில் சேர்ப்பவள் அவள்தான். எனக்குப் பாதி வேலை மிச்சம். அவளை எனக்கு உண்மையிலேயே பிடிக்கும். மார்ச் மாதம் ஒரு நாள் வயிற்றைப் புரட்டுகிறது என்றாள். இமையை இழுத்துப் பார்த்தேன். நல்ல மஞ்சள்.

சோதனையில் இன்னும் ஆறு மாதம் மிச்சமிருந்தது, சார்.

மில்லில் ஒரு வழக்கம் உண்டு. உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஒருவனுக்கு உடம்பு சரியில்லை என்றால் தம்பியையோ மச்சானையோ அனுப்பி வைப்பான். பதிலி என்போம். ஷிப்டு நிற்காது, மிஷின் நிற்காது, பேரும் அடிபடாது. எந்தக் கை நூலை முடிகிறது என்று மிஷின் கதிர் கேட்டதே இல்லை. பதினாறு வருஷத்தில் ஆயிரம் பதிலிக்காவது நான் வருகை போட்டிருப்பேன். அதனால் செங்கமலத்துக்கும் ஒரு பதிலி பார்த்தேன். அவள் மருமகள் கங்கா, அண்ணன் மகளும்கூட. இருபத்தேழு வயது.

கங்கா முதலில் தயங்கினாள். அத்தை பேரை அடித்துவிட்டால் பெரிய ஆஸ்பத்திரி மருந்து நின்றுவிடும், அப்புறம் முழங்கால் வலிக்கு அவள் எங்கே போவாள் என்று எடுத்துச் சொன்னேன். ஒத்துக்கொண்டாள். செங்கமலத்தின் கார்டில் விதவை என்று இருந்ததால் ஆஸ்பத்திரி வாசலில் பொட்டை அழித்து, தாலியை ரவிக்கைக்குள் போட்டுக்கொள்ளச் சொன்னேன். புருஷன் உயிரோடு இருக்கும்போது இதைச் செய்யச் சொல்கிறீர்களே என்று அழுதாள். வெளியே வந்ததும் வைத்துக்கொள் என்று சொல்லி, கையோடு ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டையும் வாங்கிக் கொடுத்தேன். ஆறுதலாகப் பேசத் தெரியாதவன் இல்லை நான்.

உள்ளே பயந்துகொண்டுதான் போனேன். பயந்திருக்கவே வேண்டாம். பேராசிரியர் கார்டைப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், நடக்கச் சொல்லிவிட்டு மறுபடி கார்டைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கக் கார்டில் கட்டம் இல்லை. ஐம்பத்தொரு வயதுப் பெண்மணியின் நடையில் வியக்கத்தக்க முன்னேற்றம் என்று எழுதினார். ஜூலையில் ஒரு மாநாட்டில் படம் போட்டு அதைப் பேசியதாகவும், கைதட்டல் பலமாக இருந்ததாகவும் கேள்விப்பட்டேன். இருபத்துநான்கு வயதைக் குறைக்கிற மாத்திரைக்கு யார்தான் தட்டமாட்டார்கள்?

கங்கா கையைக் கொடுத்துவிட்டு வருவாள். மாத்திரையைச் செங்கமலம் விழுங்குவாள். செவ்வாயும் வெள்ளியும் வீட்டுக்கே போய்ப் பாட்டிலை எண்ணிப் பார்ப்பேன். மிச்சமிருந்தால் உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்து, விழுங்க வைத்துவிட்டு வருவேன். என்னைப் போல வீட்டுக்கே போய் நோயாளியைக் கவனித்தவர் அந்த ஆஸ்பத்திரியில் யாராவது உண்டா என்று கேட்டுப் பாருங்கள். அதற்குள் மேலும் சிலருக்கு மஞ்சள் கண்டது. அவர்களுக்கும் பதிலி வைத்தேன். வழி தெரிந்த பிறகு சிரமமில்லை.

மே மாதம், ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்து நெடுஞ்சாலையில் ஒரு பஸ்கூட ஓடாத அந்த வாரத்தில்கூட நான் தேதியைத் தவறவிடவில்லை. செங்கல் லாரி ஒன்றைப் பிடித்து நாற்பது பேரையும் ஏற்றினேன். அன்று செங்கமலம் கங்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கே வந்துவிட்டாள். கை, கண், நகம் எல்லாம் மஞ்சள். வயிறு மட்டும் உப்பி, மற்றதெல்லாம் வற்றியிருந்தது.

“தம்பி, இன்னிக்கி ஒரு தபா என்னிய இட்டுகினு போ,” என்றாள். “என் கண்ணு இன்னா இப்டி கீதுனு அந்த டாக்டராண்ட நானே கேட்டுகிறேன். ஒண்ணும் கலாட்டா பண்ண மாட்டேன்.”

நான் நோட்டை விரித்துக் காட்டினேன். “உனுக்கு வருகை போட்டாச்சு, செங்கமலம். ஒரு ஆளுக்கு ரெண்டு தபா போட முடியாது.”

அவள் நோட்டைப் பார்த்தாள். தன் பேர் எது என்று கேட்டாள். காட்டினேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப சரி,” என்று வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். லாரி கிளம்பும்போது கை அசைத்தாள். எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. இத்தனைக்கும் பேராசிரியர் அன்று வரவே இல்லை.

ஜூன் ஏழாம் தேதி செங்கமலம் இறந்தாள். மாலையோடு போய், குழி மூடும்வரை நின்றுவிட்டு வந்தேன். அவளுடைய அடுத்த வருகை பன்னிரண்டாம் தேதி. சரியாக வந்தாள். ஆகஸ்டு முடிவதற்குள் இன்னும் மூன்று தடவை வந்தாள்.

கங்கா வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். அத்தையே போனபின் இது எதற்கு என்றாள். அவள் நன்மைக்காக ஒன்றைச் சொன்னேன்: இத்தனை தடவை வேறொருத்தி பேரில் கையை நீட்டியிருக்கிறாய், இப்போது வெளியே தெரிந்தால் முதலில் உன்னைத்தான் பிடிப்பார்கள். புரிந்துகொண்டாள். நல்ல பெண்.

செப்டம்பரில் புதிதாக ஒரு பயிற்சி டாக்டர் வந்தது, மதிவதனி என்று. சின்னப் பெண், அந்த அறையின் வழக்கம் தெரியாது. கார்டை ஓரமாக வைத்துவிட்டு நோயாளியைப் படுக்க வைத்தது, வயிற்றை அமுக்கிப் பார்த்தது. மறுபடி அமுக்கிப் பார்த்துவிட்டு, ஐம்பத்தொரு வயதுக் கைம்பெண்ணுக்கு நாலு மாதம் என்று பேராசிரியரிடம் போய்ச் சொன்னது. அவர் இயந்திரக் கோளாறாக இருக்கும் என்றாராம். கையால் பார்த்ததில் இயந்திரம் எங்கே வந்தது என்று அந்தப் பெண் கேட்கவில்லை. நேராகத் திரும்பி வந்து கங்காவின் இமையை இழுத்துப் பார்த்தது.

இதுதான் நடந்தது. நாற்பதில் ஒன்பது பேர் பதிலி. யாருக்குப் பதிலாக வந்தார்களோ அந்த ஒன்பது பேரில் மூன்று பேர் இன்று இல்லை. மாத்திரையை நிறுத்தினால் தேறிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும், ராஜம்மாவையும் கண்ணப்பனையும் கண்ணால் பார்த்தவன். தெரிந்துதான் கொடுத்தேன். ஆனால் பேராசிரியரின் அறிக்கையைப் பாருங்கள், நாற்பது பேரும் உயிரோடு, ஒழுங்காக, ரத்தம் சுத்தமாக இருக்கிறார்கள். மாத்திரை பாதுகாப்பானது என்று அதில் இருக்கிறது. மாதாகோயிலுக்குப் போகிறவன்தான் நான். பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல இதில் என்ன இருக்கிறது என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை.

கங்கா இப்போது அதே ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாடியில் கிடக்கிறாள். குழந்தை தங்கவில்லை. பிழைப்பாளா என்பது பத்து நாளில் தெரியுமாம். செங்கமலம் போன பிறகு வந்த நாலு பாட்டிலையும் யார் சாப்பிட்டார்கள் என்று நீங்கள் கேட்டது இதற்காகத்தான். கங்காதான் சாப்பிட்டாள். செவ்வாயும் வெள்ளியும் நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து விழுங்க வைத்தேன். கர்ப்பம் என்று ஆகஸ்டிலேயே என்னிடம் சொல்லிவிட்டாள்.

சாக்கடையில் கொட்டிவிட்டுச் சாப்பிட்டதாக எழுதியிருக்கலாமே என்கிறீர்கள். எழுதியிருக்கலாம். கேட்க ஒரு நாதியும் இல்லை. ஆனால் அது மோசடி, சார். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.