சாயாத திருமேனி

மழை விட்ட காலையில் மலைப்பாதை எத்துணை இனிதாக மணக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள்தானே, ஐயா? இந்த விசாரணை அறையிலும் எனக்கு அந்த மணமே வீசுகிறது. பொறுத்தருளுங்கள், சிரிப்பு தானாகப் பொங்குகிறது. நேற்றிலிருந்து கால் தரையில் பாவவில்லை. காரின் அடியில் நான் பூட்டிய அந்தத் தண்டைப் பற்றிக் கேட்டீர்கள், மகிழ்ந்து சொல்கிறேன்.

நகானோ மலைச்சாரலில் என் பட்டறை. என் நண்பர் கன்பாராவின் வெண்ணிறக் கார் அறுபதுகளில் பிறந்தவள். என் கையன்றி வேறு கை தீண்டாதவள். அவளிடம் ஒரே குறை. வளைவுதோறும் மேனி சரிந்து, வழியோரக் கற்களுக்கெல்லாம் தலைவணங்குவாள்.

"ஒரிதோ-சான், குடிச்சவ மாதிரி ஆடுறா இவ. என் வீட்டுக்காரி ஷிஸுயே வாந்தியே எடுத்துட்டா," என்றார் கன்பாரா. "ஆடாம பண்ணிக் குடுங்க. வசந்தத்துல அமெரிக்காக்காரன் ஒருத்தன் கப்பல்ல ஏத்திட்டுப் போறான்."

"விக்கிறீங்களா?"

"பின்ன, என்னோடயே பொதைக்கவா முடியும்? அவ்வளவு ஆசைன்னா என் பொண்டாட்டிகிட்ட சொல்லி வைங்க. நான் போனப்புறம் உங்களுக்கே தந்துடுவா."

அவர் உரக்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல யோசனையாகப் பட்டது.

சக்கரங்களை இணைத்து, உடல் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் முறுக்குத் தண்டு ஒன்றுண்டு. முன்னும் பின்னும் அளவறிந்து பூட்ட வேண்டும். நான் பின்னால் மட்டும், மிகத் தடித்ததாகப் பூட்டினேன். காய்ந்த சாலையில் அது பேரின்பம். ஈரத்தில் பின்பக்கம் சொல்லாமல் கொள்ளாமல் வழுக்கிச் சுழலும். மேனி சாய்வதென்பது, வேகம் மிகுந்தது என்று அவள் ஓட்டுபவரிடம் சொல்லும் சொல். அந்த நாவைக் கட்டினேன், வேறொன்றும் செய்யவில்லை.

பின்பு கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். காணிக்கை என்னுடையது. பூசாரி காரின் கதவுகளையெல்லாம் திறந்து வைத்து, வெண்தாள் தொங்கும் கோலை அவள்மீது அசைத்து, விபத்தின்றி ஓடுக என வேண்டினார். தண்டும் அவ்வருளைப் பெற்றது. குற்றமென்றால் தெய்வம் தடுத்திருக்கும் அல்லவா.

வெயிலில் கன்பாராவும் நானும் அவளில் மலையேறினோம். வளைவுக்கு வளைவு அவள் நிமிர்ந்தே பறந்தாள். பிள்ளைகளைப் போல் கூவினோம். என் கண்ணில் நீர் பெருகிற்று.

"அடேயப்பா, தண்டவாளத்துல போற மாதிரியில்ல இருக்கு. யோவ் ஒரிதோ-சான், அழுவுறீங்களா? மழையிலயும் இப்படியே நிப்பாளா?"

"மழையிலதான் இவ அருமை தெரியும். தேவதாரு வளைவுல மட்டும் வேகத்தைக் குறைக்காதீங்க."

அங்கே ஊற்றுநீர் ஓயாது கசியும். கீழே இளமூங்கில் அடர்ந்து பஞ்சணைபோல் தாங்கும்; தகரம் அதிகம் நசுங்காது. அக்கால வண்டியில் இருக்கைவார் கிடையாது. ஓட்டுபவர் தனியே வெளியே வந்துவிடுவார்.

அவரிடம் எனக்குப் பகை எள்ளளவும் இல்லை. நேற்று மழையில் ஷிஸுயே தொலைபேசியில் அழைத்தார்.

"அவரு போயிட்டாரு, ஒரிதோ-சான். அந்த வளைவுலயே போயிட்டாரு," என்று விம்மினார்.

நண்பரை இழந்த துயரத்தில் என்ன பேசுகிறோம் என்பதே மனிதருக்குத் தெரிவதில்லை, ஐயா. எனக்கும் அப்படித்தான் ஆயிற்று.

"வண்டியோட பின்பக்க மூடி சரியா மூடுதா?" என்று கேட்டேன்.