காப்புப் பாத்தி

நம்ம பாட்டன் பூட்டனுக்கெல்லாம் முந்தின காலம்னு வச்சிக்கிடுங்க. கடக்கரையோரம் அளத்தங்கரைன்னு ஒரு ஊரு. அந்த ஊர்ல பட்டுக்கனின்னு ஒருத்தி இருந்தாளாம். எலுமிச்சம்பழ நெறமாம் அவ. அந்த நெறத்துக்காகவே சுயம்புங்கிறவன் ஒத்தக்கால்ல நின்னு அவளக் கட்டுனானாம்.

கல்யாணத்தன்னைக்கு அவ கையில இறுக்கமா ஒரு பித்தளைக் காப்பு போட்டான். அந்த ஊரு வழக்கம் அது. போட்ட காப்பு, புருசன் செத்தாத்தான் கையவிட்டு எறங்கணும்.

ஆறாம் மாசம் கொழும்புக்குத் தோணி ஏறுனான். ஏறும்போது, "ஏட்டி, வெயில்ல எறங்கிராத. இந்த நெறம் கொறையாம இரு. வந்துருவேன்"னு சொன்னானாம்.

வந்தானா? வரல. ஒரு வருசமாச்சு, ரெண்டு வருசமாச்சு, ஏழு வருசமாச்சு. ஒரு சேதி தாக்கல் இல்ல. அவன் ஆத்தாளோ படுத்த படுக்கை. கஞ்சிக்கு என்ன பண்ணுவா பாவம்? உப்பளத்துல எறங்கிட்டா. உப்பு வாருனா, உப்பு செமந்தா. மேல வெயிலு, கீழ உப்போட வெளிச்சம். ரெண்டுக்கும் நடுவுல நின்னா எந்தத் தோலு தாங்கும், சொல்லுங்க? அட்டக்கரியா ஆயிட்டாளாம். ஆனா மாமியாளுக்குக் கடைசி மூச்சு வரைக்கும் கஞ்சி கொறையல.

கெழவி செத்த மறுமாசம் வந்து சேந்தான் சுயம்பு. நேரா அளத்துக்கு வந்தான். "என் பொண்டாட்டி எங்க?"ன்னான். கூட வேல செஞ்சவளுவ கையக் காட்டுனாளுவ. அவ கூடைய எறக்கி வச்சிட்டு, வாய் நெறையச் சிரிச்சுக்கிட்டு ஓடியாந்தாளாம். இவன் ரெண்டு எட்டு பின்னால போனான்.

"இந்தக் கரிக்கட்டையவா நான் கட்டுனேன்? நான் கட்டுனவ நெறமே வேற."

நெனச்சா எனக்கே வயிறு எரியுது. அவ அழலையாம். கைய உப்புத்தண்ணியில முக்கி, காப்பப் புடிச்சுத் திருகுனாளாம். தோலு வழண்டுச்சு, ரத்தம் கசிஞ்சுச்சு. "வேண்டாந்தாயி, புருசன் உசுரோட நிக்கான்!"னு பொம்பளையெல்லாம் கத்துறாளுவ. கழட்டிட்டா. காப்பு கெடந்த எடத்துல, ஒரு வெரக்கடை அகலத்துக்கு, அதே எலுமிச்சம்பழ நெறம்.

"நீங்க கட்டுனவ இந்தா இருக்கா. இவள மட்டுந்தான் வெயிலு பாக்கல. உங்க ஆத்தாளுக்குக் கஞ்சி ஊத்துனது மத்தவ."

சொல்லிட்டு, காப்ப அவன் காலடியில போட்டுட்டுக் கூடையத் தூக்கிட்டாளாம்.

அவனுக்கு அப்பத்தான் உறைச்சுச்சு. வெக்கத்துல வீட்டுக்குள்ளயே கெடந்தான். கோடை முடியிற நேரம், காப்பக் கையில எடுத்துக்கிட்டு அவ பாத்தி வரப்புல போயி நின்னான்.

"ஏட்டி, தப்புப் பண்ணிட்டேன். கைய நீட்டு."

நீட்டுனா. மணிக்கட்டத் திருப்பித் திருப்பிப் பாத்தான். தடத்தக் காணும். அந்த ஒரு கோடை வெயிலு அதையும் கறுக்க வச்சிருச்சு.

"அவ போயிட்டா. நீங்களும் போங்க"ன்னாளாம்.

பெறகு சாகுற வரைக்கும் அந்தக் கையில அவ எதுவும் போடல. அவ உப்பு வாருன எடத்துக்குத்தான் காப்புப் பாத்தின்னு பேரு. அளத்தங்கரையில இன்னைக்கும் காப்பு போடுறதுக்கு முந்தி, மாப்பிள்ளை பொண்ணு மணிக்கட்டுல கைய வச்சு, "கறுத்தாலும் நீதான், வெளுத்தாலும் நீதான்"னு ஊரறியச் சொல்லணும். சொன்னாத்தான் மேளம் கொட்டும். ஒருத்தன் சொல்லத் தவறுனத, அன்னையிலருந்து அந்த ஊரு ஆம்பளை அத்தன பேரும் சொல்லிக்கிட்டிருக்கானுவ.