இரண்டு பற்களுக்கு நடுவில்

— தப்பான கதவுல வந்துட்டீங்க ஐயா. பல் டாக்டர் மாடியில இருக்காரு. இது பல்லு செஞ்சு குடுக்கிற இடம்.

— செஞ்சவரைப் பாக்கத்தான் வந்தேன் தம்பி. டாக்டர் கையை விரிச்சுட்டாரு, கீழ போய்க் கேளுங்கன்னுட்டாரு. இதைச் செஞ்சது நீங்கதானே?

— ஐயோ, கழட்டி நீட்டாதீங்க! வாயிலயே இருக்கட்டும், ஈன்னு காட்டுங்க போதும். ம்... என் வேலைதான். ஏன், குத்துதா? ஆடுதா?

— குத்தலை, ஆடலை. பாருங்க தம்பி, அதுங்க மேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. போட்டோ எடுக்க நிக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைங்க மாதிரி வரிசையா நிக்குதுங்க. அதான் தொல்லை.

— பல்லு வரிசையா இருக்குன்னு சண்டைக்கு வந்த முதல் ஆள் நீங்கதான் ஐயா.

— பாருங்க தம்பி, முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல எனக்கு ஒரு சந்து இருந்துச்சு. ஆண்டவனாப் பாத்து விட்டுவச்ச சந்து. அது வேணும்னு டாக்டர் சீட்டுல எழுதி அனுப்பினாரே?

— எழுதியிருந்தாரு. நான்தான்... பெரியவரு புதுசா பல்லு கட்டுறாரு, இனிமேலாவது அழகா சிரிக்கட்டுமேன்னு அடைச்சுட்டேன்.

— நல்ல மனசு. இப்ப அதைத் திறந்து விடுங்க.

— மாப்ள! விஷயம் என்னன்னா, எல்லாத்தையும் வண்டியில ஏத்தியாச்சு, நீதான் பாக்கி. ஆமா, இவரு யாரு?

— ரெண்டு நிமிஷம் மச்சான். ஐயா, மன்னிச்சுக்கங்க. இன்னியோட இதை மூடறேன். நாளையிலேர்ந்து இவரோட டைல்ஸ் கடையில வேலை.

— ஏன் தம்பி, கை நடுங்குதா?

— கைக்கு ஒண்ணும் இல்லை. மனசுதான் ஓடலை. இருபத்திரண்டு வருஷம் ஐயா! மாடியிலேர்ந்து அச்சு வரும், இங்கேர்ந்து பல்லு போகும். அது யாரு வாய்க்குப் போச்சு, அவரு சிரிச்சாரா, கடிச்சாரா, ஒண்ணும் தெரியாது. கிணத்துல கல்லைப் போட்ட மாதிரி. கிணத்துலயாவது சத்தம் கேக்கும். காலையில எந்திரிச்சா, எதுக்குடா கிளம்புறோம்னு இருக்கு.

— விஷயம் என்னன்னா ஐயா, டைல்ஸ் ஒட்டின அன்னிக்கே வீட்டுக்காரங்க நடந்து பாத்து, ஆகா ஓகோன்னுடுவாங்க. பல்லுல அது உண்டா?

— நல்ல வேலைதான், யாரு இல்லேன்னா? என் பல்லுச் சந்தை மட்டும் திறந்து விட்டுட்டு வண்டியில ஏறச் சொல்லுங்க.

— கேட்டீங்களா மச்சான், எழுபது வயசுல அழகைக் கெடுத்துக்கணும்னு ஒரு அடமா! சரி, வீட்டுல அம்மா பாத்துட்டு என்ன சொன்னாங்க?

— அவ பாக்கலை தம்பி.

— அவ்வளவு கோவமா?

— கண்ணு போய் மூணு வருஷம் ஆச்சு.

— அடடா. தெரியாம கேட்டுட்டேன் ஐயா.

— அதனால என்ன. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து, கதவைத் திறக்கும்போதே அந்தச் சந்து வழியா ஒரு விசில் விடுவேன். அவ உள்ளேர்ந்து "வாங்க வாங்க"ம்பா. என் பேச்சுலகூட அந்தக் காத்து கலந்துதான் வருமாம். பல்லைப் பிடுங்கி ஒரு மாசம் ஆச்சு. புதுசு வந்தா சரியாயிடும்னு அவளைத் தேத்தி வச்சிருந்தேன். வந்துச்சு. அடைச்சு வந்துச்சு. இப்பல்லாம் நான் ஊட்டப் போனா, என் கையைத் தடவிப் பாத்துட்டுத்தான் வாயைத் திறக்குறா. நான்தான்டின்னா, தெரியும்ங்கிறா. ஆனா தயங்குறா.

— மச்சான், அந்த ராவுற மிஷினை எடுத்துட்டு வாங்க.

— அது அடியில இருக்கு மாப்ள!

— மேல இருக்கிறதை இறக்கிட்டு எடுங்க.

— எல்லாத்தையுமா? விஷயம் என்னன்னா...

— எல்லாத்தையும்தான். ஐயா, இப்ப கழட்டுங்க. இந்தத் தட்டுல வைங்க.

— மெதுவா தம்பி, மெதுவா... ஆச்சா?

— போட்டு ஊதிப் பாருங்க.

— ஃபூ... வெறும் காத்துதான் வருது.

— குடுங்க. இன்னும் ஒரு நூல் அளவு ராவணும். ம், இப்ப?

— ஃப்ஃப்வீ... கிட்ட வந்துடுச்சு. பழசு இதைவிடக் கொஞ்சம் அடங்கி வரும்.

— மாப்ள, டைல்ஸ்ல இந்த வம்பே கிடையாது.

— மச்சான், சும்மா இருங்க, காதுல விழணும். ஐயா, கடைசியா ஒரு தடவை.

— ஸ்ஸ்வீ... இதேதான்! தம்பி, இதேதான்! இருங்க, அவளுக்கு போன் போடறேன்.

— சத்தமா வைங்க ஐயா. நானும் கேக்கணும்.

— ஹலோ, யாருங்க?

— ஸ்ஸ்வீ...

— வந்துட்டீங்களா! ஒரு மாசமா என்னை விட்டுட்டு எங்கங்க போயிருந்தீங்க?

— அம்மா, அவரு எங்கயும் போகலைம்மா. நான்தான் அடைச்சு வச்சுட்டேன். பல்லு இன்னும் ஏதாவது தொந்தரவு பண்ணா, தயங்காம இங்க அனுப்புங்க. நாளைக்கும் திறந்திருக்கும்.