தலையணை உறைக்குச் சிப்பி ரேந்தை

உங்கள் மேசை விரிப்பின் ஓரம் நைந்து நூல் நூலாகப் பிரிந்துகொண்டு வருகிறது, மகள். நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து கண் அதிலேயே நிற்கிறது. பொலிஸ் நிலையத்துக்கு வந்து இதையா பார்க்கிறாள் கிழவி என்று நீங்கள் நினைக்கலாம். யாருடைய துணியானாலும் ஓரம் முடியாமல் கிடந்தால் எனக்குக் கை ஊறும். ஒரு மணித்தியாலம் கிடைத்தால் சுற்றிவரச் சிப்பி சிப்பியாக நூல் ரேந்தை பின்னிவிடுவேன். ஊசியைத்தான் வாசலில் நின்ற பொலிஸ்காரர் வாங்கி வைத்துவிட்டார். கூரான பொருளாம். அதன் முனை கொக்கிபோல வளைந்திருக்கும், யாரையும் குத்தாது என்று சொல்லிப் பார்த்தேன். பையிலிருந்த இனிப்பு டொபிகளை மட்டும் விட்டுவிட்டார். எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. குளிசை போட்டுவிட்டுச் சாப்பிடப் பிந்தினால் சீனி இறங்கித் தலை சுற்றும், கை நடுங்கும். அதற்காக எப்போதும் பையில் நாலு டொபி இருக்கும். நீங்களும் ஒன்று எடுங்கள்.

பெயர் கனகசூரியம் அன்னப்பூரணி. வயது அறுபத்திரண்டு. இடம் படுவான்கரை. தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவீர்களோ தெரியாது. மற்றவர்கள் தைத்த பொருளுக்கு ஓரம் பின்னுகிறவள் நான். பாசிக்குடா ஹோட்டல்களுக்கு மேசை விரிப்பும் கைக்குட்டையும் தைக்கும் பெண்கள் எங்கள் ஊரில் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். ஒருத்தி வெட்டுவாள், ஒருத்தி தைப்பாள், ஒருத்தி பூ வேலை செய்வாள். கடைசியில் என்னிடம் வரும். நான் சுற்றிவர விரலளவு ரேந்தை போட்டதும் முழுப் பொருளும் "அன்னப்பூரணியக்காட வேல" ஆகிவிடும். நானும் சும்மா ஒரு பேச்சுக்குக்கூட மறுத்ததில்லை. புகழ் கசக்கும் அளவுக்கு எனக்கு வருத்தம் முற்றவில்லை.

இந்த வேலையில் ஒரு நுட்பம்தான் உண்டு. அது மூலையில் இருக்கிறது. நேர் ஓரத்தில் ஒரு துளைக்கு ஒரு பின்னல் போதும். மூலையில் ஒரே துளைக்குள் மூன்று போட வேண்டும். கஞ்சத்தனம் பிடித்தால் துணி சுருண்டு கிண்ணம்போல நிற்கும். மூலை எப்போது வருகிறது என்று முன்கூட்டியே எண்ணிக்கொண்டு போக வேண்டும். அந்தப் பழக்கம் எனக்கு நிறைய உண்டு.

என் மகள் மேனுகா. முப்பத்து நாலு வயது. பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். இல்லை, படிப்பித்தாள் என்று எழுதுங்கள். அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அவளுடைய அப்பா மாரடைப்பில் போய்விட்டார். பிறகு நானும் அவளும்தான். தன் கலியாணத்துக்கென்று வெள்ளைத் துணியில் பன்னிரண்டு தலையணை உறை தைத்தாள், ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் தாமரை வைத்து. ஓரம் என் பொறுப்பு. பின்னேரங்களில் விறாந்தையில் ஆளுக்கொரு கதிரை போட்டு, வாவிக் காற்றில் இருந்து வேலை செய்வோம். எனக்குச் சீனி வருத்தம் வந்த நாளிலிருந்து அவளும் தேத்தண்ணியில் சீனி போடுவதை விட்டுவிட்டாள். எனக்குத் துணைக்காம். நான் அவளை வெறுத்தேன் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அது பிழை. அப்படி ஒரு பிள்ளையை வெறுக்க யாராலும் முடியாது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் என்பது உங்களுக்குத் தெரியும். மகளுக்குக் கலியாணம் என்றால் வீட்டு உறுதியை அவள் பெயரில் எழுதி, சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு, தாய் அதே வளவில் ஒரு சின்ன அறைக்குப் போய்விடுவாள். மருமகன் வந்து வீட்டில் இருப்பார். நல்ல வழக்கம். எனக்குக் கலியாணம் நடந்தபோது மிகவும் நல்ல வழக்கமாக இருந்தது. என் அம்மா கிணற்றடியில் ஒரு கிடுகுக் கொட்டிலுக்குப் போனார். அதற்கு ஜன்னல் இல்லை. உப்பு முடிந்தால் குசினிக் கதவில் வந்து தட்டுவார். நான் பின்னிக்கொண்டிருப்பேன். இந்த வரிசையை முடித்துவிட்டு வாறேன் என்பேன். சில நாட்களில் வரிசை நீண்டுவிடும். அவர் உப்பில்லாமல் திரும்பிப் போவார்.

ஒரு மகள் தன் தாயை எப்படி வைத்திருப்பாள் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே உதாரணம் நான்தான். அதனால்தான் பயந்தேன்.

முதலில் வந்த சம்பந்தம் வெல்லாவெளியிலிருந்து. நிலோஜன் என்று பெயர், விவசாயப் போதனாசிரியர், அமைதியான பிள்ளை. பேச்சு முற்றாகிவிடும் என்ற நிலையில் நான் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, இடது கையால் எழுதினேன். அந்தப் பெண்ணுக்கு வலிப்பு இருக்கிறது, மறைத்துக் கட்டிக்கொடுக்கப் பார்க்கிறார்கள், இப்படிக்கு நலன் விரும்பி. பஸ் பிடித்து மட்டக்களப்புக்குப் போய் அங்கே தபாலில் போட்டேன். பத்து நாளில் சாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். மரியாதையான மனிதர்கள். இரண்டாவது, பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் வேலை செய்தவர். அவருக்கும் ஒரு கடிதம் போனது. அவருக்கும் சாதகம் பொருந்தவில்லை.

அன்று மேனுகா தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்தபடி கேட்டாள்.

"என்னில என்னம்மா குற?"

"ஒண்டுமில்ல புள்ள. அவனுகளுக்குக் குடுத்து வைக்கல்ல."

அவள் அழுதாள். நானும் அழுதேன். நடிப்பென்று எழுதிவிடாதீர்கள், உண்மையாகவே நெஞ்சு வலித்தது. அவளுக்கு இப்படி ஒரு கதி வந்ததே என்று எனக்கு அவ்வளவு கவலையாக இருந்தது.

இங்கேதான் என் மடைத்தனத்தைச் சொல்ல வேண்டும். கொப்பியிலிருந்து கிழித்த தாளின் ஒரு பக்கம் பிய்ந்து தும்பு தும்பாக நின்றது. அதை அப்படியே அனுப்ப மனம் கேட்கவில்லை. துணி நூல் பிரியாமலிருக்க ஓரத்தைப் பல்லுப் பல்லாக வெட்டும் கத்தரிக்கோல் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஊரில் வேறு யாரிடமும் இல்லை. அதை எடுத்து வடிவாக வெட்டிவிட்டேன். மூன்று கடிதத்துக்கும் அப்படியே செய்தேன். மொட்டைக் கடிதத்துக்கு அலங்காரம் செய்து அனுப்பிய மனுசி இந்த மாவட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மூன்றாவது கடிதம் யோகேஸ்வரனுக்கு. உங்களிடம் முறைப்பாடு செய்தவர் அவர்தான். தபால் கந்தோரில் வேலை. உலகத்தில் எத்தனையோ தொழில் இருக்க, நான் மொட்டைக் கடிதம் போட்டது தபால் கந்தோர்க்காரருக்கு. அவர் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். விறாந்தையில் இருந்து எங்கள் இருவருக்கும் உரக்க வாசித்துக் காட்டினார்.

"ஆரோ வேலவெட்டி இல்லாதவன் எழுதியிரிக்கான், மாமி. இப்படி எத்தன கடிதம் என்ட கையால போயிரிக்கு."

"எனக்கு எப்பம்மா வலிப்பு வந்த?" என்று மேனுகா சிரித்தாள்.

"சனம் என்னத்தையும் எழுதும்" என்றேன் நான்.

"வலிப்பெண்டாலும் நான் கட்டுவன்" என்றார் அவர், கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு. அவர் அதைக் கிழித்துப் போடுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தபால் கந்தோர்க்காரர் தாளைக் கிழிக்க மாட்டார் போலிருக்கிறது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மேனுகா முன்னின்று எனக்கு ஓர் அறை கட்டுவித்தாள். கல் அறை, ஓட்டுக் கூரை. மேசனிடம் சொல்லி வாவிப் பக்கமாகப் பெரிய ஜன்னல் வைத்தாள். "நீங்க இரிந்து பின்னக்குள்ள வெளிச்சம் வேணுமே, அம்மா" என்றாள். அந்த ஜன்னலைப் பார்த்ததும் என் மனம் மாறியிருக்க வேண்டும். கதைகளில் மாறும். எனக்கு அது என் கொட்டிலுக்கு வைத்த ஜன்னலாகத்தான் தெரிந்தது.

கலியாண எழுத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை குறித்தார்கள். வீட்டிலேயே பதிவாளர் வந்து எழுதுவதாக ஏற்பாடு. மேனுகாவுக்கு வெள்ளிக்கிழமை விரதம், முதல் நாள் இரவிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. காலையில் அவளுக்கு ஒரு கோப்பை வெறுந்தேத்தண்ணி ஊற்றினேன். என் சீனிக் குளிசைகளைத் தூளாக்கி அதில் போட்டேன். கசப்புத் தெரியாமலிருக்க இஞ்சி கொஞ்சம் கூடத் தட்டிப் போட்டேன். "இண்டைக்கு நல்லா உறைக்குது" என்று சொல்லி முழுதையும் குடித்தாள்.

தலை சுற்றி விழுவாள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். கடிதம் சொன்னது மெய்தான் என்று மாப்பிள்ளை வீட்டார் எழும்பிப் போவார்கள். பிறகு ஒரு டொபியைக் கொடுத்து அவளை எழுப்பிவிடலாம். மூலையை நான் எண்ணித்தான் வைத்திருந்தேன்.

பதிவாளர் பேனையைத் திறக்கும்போது அவள் கதிரையிலிருந்து சரிந்தாள். உடம்பெல்லாம் வெட்டி வெட்டி இழுத்தது, வாயில் நுரை வந்தது. நான் எழுதியது அப்படியே கண் முன்னால் நடந்தது. எனக்கே ஒரு கணம் அவளுக்கு வலிப்பு இருந்ததோ என்று தோன்றிவிட்டது. பக்கத்து வீட்டுக் கண்ணகை "இரும்பு குடுங்க கா, கையில இரும்பு குடுங்க" என்று கத்தினாள். எங்கள் சனம் வலிப்பென்றால் முதலில் இரும்பைத்தான் தேடும். யோகேஸ்வரன் ஒருவருக்குத்தான் வேறு யோசனை வந்தது.

"மாமி, விரதமெல்லோ, சீனி இறங்கியிரிக்குமோ? இனிப்பா என்னவும் இரிக்கா?"

என் பை தோளில் கிடந்தது. டொபி நாலும் அதற்குள் இருந்தன. சீனி இறங்கினால் எப்படி இருக்கும், ஒரு டொபி என்ன செய்யும் என்று அந்த வீட்டில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. ஆனால் டொபியில் அவள் எழும்பினால் அது வலிப்பில்லை என்றாகிவிடும். பிறகு சீனி ஏன் இறங்கியது என்று கேட்பார்கள். பேனை வேறு இன்னும் திறந்தபடி இருந்தது.

"வலிப்புக்காரிக்கு வாயில ஒண்டும் வைக்கப்படாது, தம்பி" என்றேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை, நான் மெதுவாகச் சொல்கிறேன்.

இரும்பு கேட்டார்கள். என் முந்தானையில் முடிந்திருந்தது வீட்டுச் சாவி, பழைய காலத்துக் கனத்த இரும்புச் சாவி. அவிழ்த்து அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டேன். எல்லோரும் சுற்றி நின்று இழுப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தார்கள். கொஞ்சம் அடங்கியது, பிறகு மீண்டும் வந்தது. கண்ணகை சாவியை இன்னும் இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள். ஓட்டோ பிடித்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது ஒன்றரை மணித்தியாலம் கடந்துவிட்டது. ஊசி குத்தி இரத்தம் பார்த்தவர்கள் அடுத்த நிமிடமே சீனி ஏற்றினார்கள். வீட்டில் யாராவது சீனிக் குளிசை பாவிக்கிறீர்களா என்று டொக்டர் கேட்டார். இல்லை என்றேன். தாதி அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சாவியை எடுத்து என்னிடமே தந்தார்.

உயிர் இருக்கிறது. வலது கை மடங்கியே நிற்கிறது, நேராக்க முடியாது. சொற்கள் வருவதில்லை. ஆட்களைத் தெரிகிறது. இரண்டு மாதம் அவளுடைய கட்டிலடியில் இருந்து மிச்சமிருந்த தலையணை உறைகளுக்கு ஓரம் பின்னினேன். ஒரு மூலைகூடச் சுருளவில்லை. வார்டில் எல்லோரும் தாய் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்கள். வழக்கம்போல நான் மறுக்கவில்லை.

யோகேஸ்வரன் ஒவ்வொரு ஞாயிறும் வருகிறார். போன ஞாயிறு அவளுக்கு நகம் வெட்டக் கத்தரிக்கோல் தேடி என் மேசை லாச்சியைத் திறந்திருக்கிறார். பல்லுக் கத்தரிக்கோல் மேலேயே கிடந்தது, பக்கத்தில் என் குளிசைப் போத்தல். அன்றிலிருந்து தன் பேர்சில் மடித்து வைத்திருந்த கடிதத்தை எடுத்து அந்தக் கத்தரிக்கோலின் பல்லோடு வைத்துப் பார்த்தாராம். நேரே உங்களிடம் வந்துவிட்டார். புத்திசாலி. நல்ல மருமகனாக இருந்திருப்பார்.

அவர் எழுதிக் கொடுத்தது முழுதும் சரி. நான்தான் செய்தேன். ஒரு திருத்தம் மட்டும் போடுங்கள். வீட்டைக் கொடுக்க மனமில்லாமல் செய்தாள் என்று ஊர் சொல்கிறது. அது அநியாயம். சாவியை நான் அவள் கையில் வைத்தேன், பதினைந்து பேர் பார்த்தார்கள்.

எங்கே கையெழுத்து வைக்க வேண்டும்? கெதியாய்த் தாருங்கள், நாலு மணிக்கு அவளுக்குத் தேத்தண்ணி கொடுக்க வேண்டும். எனக்கென்று கட்டிய அறையில்தான் இருக்கிறாள், அந்த ஜன்னலடியில். வீட்டுக்குள் கூட்டிவந்தால் கத்துகிறாள். கண்ணகை கோப்பையைப் பிடித்தால் குடிக்கிறாள், யோகேஸ்வரன் பிடித்தாலும் குடிக்கிறாள். நான் கொண்டுபோனால் மட்டும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தை வாவிப் பக்கம் திருப்பிவிடுகிறாள். மறக்காமல் மூன்று கரண்டி சீனி போட்டுத்தான் கொண்டுபோகிறேன். சீனி கொஞ்சம் கூடிவிட்டது போலிருக்கிறது.