மெழுகுக் கதை

நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது, ஐயா. எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

நானும் என் மனைவியின் தம்பியும் ஒரே அகராதி அலுவலகத்தில் வேலை பார்த்தோம். லத்தீன் அகராதி. 'சின்கேருஸ்' என் பங்குக்கு வந்த சொல். கலப்பில்லாதது, தூய்மையானது என்று பொருள்; ஆங்கிலத்தில் 'சின்சியர்' என்கிறோமே, அது இதிலிருந்து வந்ததுதான். ஆண்பாலுக்குச் சின்கேருஸ், பெண்பாலுக்குச் சின்கேரா, அஃறிணைக்குச் சின்கேரும். 'ஒன்று', 'வளர்' என்ற இரண்டு வேர்கள் சேர்ந்து, 'ஒரே முளையாக வளர்ந்தது' என்று பிறந்த சொல்லாக இருக்க வேண்டும். இதை நிறுவுவதற்குள் என் தலை நரைத்துவிட்டது.

மைத்துனன் வானொலியில் போய் ஊர் காதில் பூ சுற்றினான். அந்தக் காலச் சிற்பிகள் சிலையின் விரிசலை மெழுகால் மறைப்பார்களாம். லத்தீனில் 'சினே கேரா', அதாவது 'மெழுகு இல்லாமல்' என்பதுதான் இந்தச் சொல்லாக ஆனதாம். சுத்தக் கட்டுக்கதை. கேட்டவர்கள் எல்லாம் கொண்டாடினார்கள். பதிப்பாளர் அதையே அகராதியில் போடச் சொல்லிவிட்டார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சொல்லில் தகராறு வந்தால், ஒருவர் ஏணியில் ஏறி மேல்தட்டுப் பழைய நூலை எடுத்துப் பார்ப்பார். அவரோடு மல்லுக்கு நிற்பவர் ஏணியைப் பிடித்துக்கொள்வார். சக்கர ஏணி, விட்டால் ஓடிவிடும். எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம் அவனைக் கூப்பிட்டேன். ஏறினான்.

"என்ன அத்தான், ஒரு குட்டிக் கதைக்குப் போய் இவ்வளவு கோவமா?" என்று மேலிருந்து சிரித்தான்.

நான் தள்ளவில்லை. கையை எடுத்தேன், அவ்வளவுதான்.

விழுந்தவனுக்கு உயிர் இருந்தது. தலைக்கடியில் ரத்தம் பரவிக்கொண்டிருந்தது. "ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க அத்தான்" என்றான். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மொதல்ல அந்த வார்த்தை எப்படிப் பொறந்துச்சுன்னு சொல்லு" என்றேன்.

"நீங்க சொன்னதுதான் சரி. மெழுகெல்லாம் சும்மா. அக்காவை நினைச்சுப் பாருங்க அத்தான்."

பயத்தில் சொன்னான், மனதாரச் சொல்லவில்லை. அந்தப் பொய்யைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. மறுபடி சொல்லச் சொன்னேன். மூன்று வடிவங்களையும் கேட்டேன். சின்கேரா வரை வந்தான். மூச்சு நின்றதா என்று பார்த்துவிட்டுத்தான் போன் செய்தேன்.

மனைவி என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "கடைசியா ஏதாவது சொன்னானா?"

"விழுந்ததுமே போயிட்டான்மா. வலியே தெரிஞ்சிருக்காது" என்றேன்.

ஒரே ஒரு வேண்டுகோள், ஐயா. அவளிடம் நீங்கள் வேறு மாதிரி சொல்லிவிடாதீர்கள். நான் பொய் சொல்கிறவன் என்று அவள் நினைத்துவிட்டால், என்னால் தாங்க முடியாது.