இடது காலில் இறங்கு

எனக்கு விசில் ஊத வராது. பதினேழு வருஷம் கூடைப்பந்து ஆடி விசில் சத்தத்துக்கு ஓடினவள், பயிற்சியாளராகி முதல் நாள் ஊதியபோது வெறும் காற்றுதான் வந்தது. பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து கைதான் தட்டுகிறேன். ஒரு தட்டு என்றால் குதிக்க வேண்டும், இரண்டு தட்டு என்றால் நிற்க வேண்டும். நாங்கள் வெட்டுக்கிளி என்று கூப்பிடுகிற பெண்ணின் இடது முட்டி எப்படிப் போனது என்று சொல்லத்தான் உங்கள் விசாரணைக் குழுவைத் தேடி நானாக வந்திருக்கிறேன். ஆனால் விசில் விஷயத்தையும் எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முப்பத்தாறு வயதில் கிளப் செயலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். பந்தைப் பூசணிக்காய் மாதிரி இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்கிற மனிதர். "நீங்க ஆடினது போதும் மேடம், இனிமே ஆட வைங்க" என்றார். அந்த வாக்கியத்தை முந்தின நாளே யோசித்து வைத்திருப்பார், முகத்தில் தெரிந்தது. மறுநாள் பத்துப் பெண்களை என்னிடம் ஒப்படைத்தார். ஒருத்திக்கு ஷூ கடிக்கிறது, இன்னொருத்திக்கு விளக்கு கண்ணைக் கூசுகிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்த ரகம். இதுகளுக்குத்தான் நான் கற்றதையெல்லாம் கொட்ட வேண்டும்.

வெட்டுக்கிளி மட்டும் வேறு. அவளுக்கு இருபத்தொரு வயது. ஆட்டத்தைப் படிக்கத் தெரியாது, எதிரே நிற்பவள் கண்ணைப் பார்க்கத் தெரியாது. குதிக்கத் தெரியும், அவ்வளவுதான். அதற்கே ஊர் கைதட்டியது. நான் ஆடிய ஏழாம் நம்பர் பனியனை என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"உங்க நம்பரைப் போட்டுட்டு ஆட பயமா இருக்குக்கா" என்றாள்.

"ஒழுங்கா துவைச்சுப் போடு" என்றேன்.

உள்ளரங்கத்து வாசலில் ஒரு மரப்பலகை இருக்கிறது. ஒரு சீசனில் அதிகப் புள்ளிகள் அறுநூற்றுப் பன்னிரண்டு, பக்கத்தில் என் பெயர். அதில் ஒரு பெயருக்குத்தான் இடம். யாராவது உங்களிடம் சொல்வார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். எனக்கு அது பெரிதல்ல. தண்ணீர் குடிக்க அந்த வழியாகப் போக வேண்டியிருக்கிறது, அதனால் கண்ணில் படும்.

கூடைப்பந்தில் முதல் வாரமே எந்தக் குழந்தைக்கும் சொல்லிக்கொடுக்கிற பாடம், குதித்தால் இரண்டு காலிலும் முட்டியை மடக்கி இறங்கு என்பது. நான் வெட்டுக்கிளிக்கு இடது காலில் மட்டும் இறங்கச் சொன்னேன். முட்டி சற்று உள்ளே சாய்ந்தால் பரவாயில்லை என்றேன். அடுத்த அடி அரை நொடி முந்தும் என்று காரணமும் சொன்னேன். அதில் பொய் கிடையாது, முந்தத்தான் செய்யும்.

"ஸ்கூல்ல ரெண்டு கால்ல இறங்கணும்னு சொன்னாங்களேக்கா?"

"அது ஸ்கூல்ல ஆடுறவங்களுக்கு."

அன்றைக்கே இடது காலில் இறங்கிப் பார்த்தாள். மற்றவர்கள் குளிக்கப் போனபின் தினம் நாற்பது முறை குதிப்பாள். நான் எதிரே நின்று கைதட்டுவேன். ஐந்து மாதம். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும், இது வெறும் முட்டி. என் இருபதாவது வயதில் என்னோடு ஆடிய ஒருத்திக்கு இப்படித்தான் மூட்டுக்குள் தசைநார் அறுந்தது. அந்தச் சத்தத்தைப் பக்கத்தில் நின்று கேட்டவள் நான். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள்.

பிசியோ ஒருவர் இருந்தார். ஐஸ் பையோடு வந்து, "மேடம், அந்தப் பொண்ணு முட்டி தாங்காது. ஆறு வாரமாவது உக்கார வைங்க" என்றார். எங்கள் கிளப்பில் உடல்தகுதித் தாள் பயிற்சியாளர் கைக்குத்தான் வரும், ஆடுகிறவளுக்குக் காட்டுவதில்லை. பார்த்தால் பயந்துவிடுவாளாம். நான் அவர் எழுதிய தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன், கிளப் பதிவேட்டில் ஆடலாம் என்று கையெழுத்துப் போட்டேன். அவரோ சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட திருப்தியில் ஐஸ் பையைத் தூக்கிக்கொண்டு போனார். அவரால் அவ்வளவுதான் முடியும்.

கடைசி ஆட்டத்தின் மூன்றாம் பகுதியில் அவள் அறுநூற்றுப் பத்தில் இருந்தாள். யார் எண்ணினார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பந்தோடு எழும்பினாள். பந்து வளையத்தைச் சுற்றி வெளியே விழுந்தது. அவள் நான் சொன்னபடி இடது காலில் இறங்கினாள். அதே சத்தம். எல்லாரும் ஓடினார்கள். நான் இரண்டு தட்டு தட்டினேன்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் அவள் கேட்டது இதுதான்.

"நீங்க சொன்ன மாதிரி நான் இறங்கலையாக்கா?"

"இல்ல. அவசரத்துல ரெண்டு காலையும் வச்சுட்ட."

அழுதாள். என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அவளுக்குக் கூடப் பிறந்தவ மாதிரிம்மா" என்றார். நான் வாங்கிப்போன ஆரஞ்சையே உரித்து எனக்குக் கொடுத்தார். இனிப்பாகத்தான் இருந்தது, தின்றேன்.

அவள் அதன்பின் ஆடவில்லை. இரண்டு வருஷமாக ஒரு பள்ளி மைதானத்தில் பன்னிரண்டு குழந்தைகளுக்குக் கூடைப்பந்து சொல்லித்தருகிறாள். காலை லேசாக இழுத்துத்தான் நடக்கிறாள். விசில் மட்டும் தெருக்கோடி வரை கேட்கும்படி ஊதுகிறாள். காலையில் அந்தச் சுவரோரம் நின்று பார்த்துவிட்டுத்தான் நான் வேலைக்குப் போவேன். என்னைக் கண்டால் குழந்தைகளிடம், "எனக்கு எல்லாம் சொல்லிக்குடுத்த அக்கா இவங்கதான்" என்பாள். அவையும் குட் மார்னிங் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகக் குதித்துக் காட்டும். பன்னிரண்டும் இடது காலில் இறங்கும். போன மாதம் அந்த வாண்டுகள் ஒரு கோப்பையை வேறு ஜெயித்தன. அதற்கும் ஊர் கைதட்டியது.

ஆக, செய்தது நான்தான். தெரிந்தே, திட்டமிட்டே செய்தேன். என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், எப்படியும் இந்த மாதத்தோடு என் ஒப்பந்தம் முடிகிறது. ஆனால் ஒரு குழந்தையின் முட்டி போவதற்குள் வெட்டுக்கிளியை மைதானத்திலிருந்து வெளியேற்றுங்கள். இனி எங்கேயும் அவள் பயிற்சி தரக் கூடாது என்று எழுத்தில் போடுங்கள். அடுத்த சீசனுக்கு என் இடத்தில் அவளை நியமித்திருப்பதாகச் செயலாளரின் கடிதம் நேற்று வந்தது. அதற்கும் நான் இங்கே வந்ததற்கும் சம்பந்தம் இல்லை. இரண்டு வருஷமாக அந்தக் குழந்தைகள் ஒற்றைக் காலில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நேற்றிலிருந்துதான் மனசு கேட்கவில்லை.